வெளியே வந்த நேரம்

கோபிகா, அன்று காலை பஸ்ஸில் மல்லிக் கோப்பி கொடுத்தோமா, இஞ்சித் தேநீர் கொடுத்தோமா என்று எனக்கு இப்போது நினைவில்லை. உன் அப்பா கோப்பையை நீட்டி, "சீனியைக் கொஞ்சம் கூடப் போடுங்கோ தங்கச்சி, டொக்டர் இந்த பஸ்ஸில வரேல்லை" என்றது நினைவிருக்கிறது. அதுகூட அதற்கு முந்திய பயணமாக இருக்கலாம். ஆகவே நான் எழுதுவதில் சில பிழைகள் இருக்கும். பெரிய விடயங்களில் இருக்காது.

இத்தனை வருடம் கழித்து, போன கிழமை தொலைபேசியில் கேட்டாய். "அன்ரி, அப்பாவைக் கண்டுபிடிக்கேக்க அவர்ட கையில விசில் இருந்ததாம். நோபடி ஹேர்ட் இட்?" காற்று பலமாக அடித்தது, எல்லோரும் காதை மூடியிருந்தோம் என்றேன். நீ ஓம் என்றாய். நீதான் முதலில் தொலைபேசியை வைத்தாய். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல இதை எழுதுகிறேன். ஆனால் முதலில் அந்தக் காட்டு வாசலில் இருக்கும் படலையை, அந்த இரும்புக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை உனக்கு அப்பாவின் பனிநடைக் குழுவுக்குச் செயலாளராக மட்டும்தான் தெரியும்.

ரொறன்ரோவிலிருந்து மூன்று மணி நேரம் வடக்கே இருக்கும் பிளாக்ஸ்பர் காடு அரச நிலம். சட்டப்படி எல்லோருக்கும் பொது. ஆனால் டிசம்பர் தொடங்கினால் ஊர்ச்சபை காட்டு வீதியில் பனி அகற்றாது. வாசலில் இரும்புப் படலையைப் பூட்டிவிடும். ஏரிக்கரையில் சொந்த வீடும் பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியும் வைத்திருப்பவர்கள் மறுபக்கத்தால் போய்வருவார்கள். ரொறன்ரோவில் வோபர்ன், டோர்செட் பார்க் குடியிருப்புகளில் பதினாலாம் மாடியில் இருந்து ஐந்து மாதம் ஜன்னலைப் பார்க்கிற எங்கள் ஆட்களுக்கு அந்தப் படலையை விட்டால் வேறு வழி இல்லை.

நான்கு வருடம் அதற்காக அலைந்தேன். ஆயிரத்து எண்ணூறு கையெழுத்துச் சேர்த்தேன். ஊர்ச்சபைக் கூட்டங்களில் ஐந்து ஐந்து நிமிடமாக ஏழு தடவை பேசினேன். கடைசியில் ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் திறந்து பார்க்கச் சம்மதித்தார்கள். பெப்ரவரி இறுதியில் வாக்கெடுப்பு. சபை உறுப்பினர் ஷரோன் நல்ல பெண். என்னைத் தனியே அழைத்து, தேடுதல் படையைக் கூப்பிடும்படி ஒரேயொரு தடவை நேர்ந்தாலும் தன்னால் எங்களுக்காகக் கையுயர்த்த முடியாது என்றாள். அவள் பயமுறுத்தவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

வாசலில் ஒரு மரப்பெட்டியும் அதற்குள் ஒரு புத்தகமும் வைக்கலாம் என்று சபைக்குச் சொன்னவள் நான்தான். பெயர், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். உள்ளே போனவர் திரும்பி வந்தாரா என்று யாராவது பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பதினாலு வயதிலேயே தெரியும். திருகோணமலையில் என் சின்னண்ணாவை விசாரணைக்கு என்று ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கழித்து அம்மா போய்க் கேட்டபோது, நேற்று நாலு மணிக்கு விட்டுவிட்டோம் என்று ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள். கையெழுத்தும் இருந்தது. அது அவன் எழுத்து இல்லை என்று அம்மா சாகும்வரை சொன்னார். இதை உன்னிடம் ஒருமுறையும் சொன்னதில்லை. பரிதாபம் தேடுவதற்காகச் சொல்லவில்லை. எனக்குப் புத்தகங்களின் முக்கியத்துவம் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஆட்கள் உள்ளே போகும்போது ஒழுங்காக எழுதுவார்கள். வரும்போது குளிரில் பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள். முதல் பயணத்தில் ஒன்பது பேர் மறந்துபோனார்கள். பஸ்ஸில் ஏறி எண்ணிப் பார்த்துவிட்டு, அந்த ஒன்பது பேருக்கும் நானே எழுதினேன். இதில் ஒன்றும் புதிதில்லை. கலியாண வீட்டில் ஒருவர்தானே முழுக் குடும்பத்தின் பெயரையும் எழுதுகிறார். இரண்டாம் பயணத்தில் எண்ணாமலே எழுதினேன். எல்லோரும் வந்துதான் இருந்தார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் இருந்தது. இரண்டு பஸ்ஸில் அறுபத்தொரு பேர், அதைவிடப் பதினொரு கார்கள். மூன்றரைக்குப் புறப்பட வேண்டியது, பிந்திவிட்டது. கடைசியாக நான் பெட்டியடிக்குப் போனேன். ஒரே ஒரு வரியில்தான் மூன்றாவது கட்டம் வெறுமையாக இருந்தது. தங்கத்துரை என்ற உன் அப்பாவின் பெயருக்கு நேரே 3:50 என்று எழுதினேன். பேனை உறைந்திருந்தது. வாயால் ஊதிச் சூடாக்கித்தான் எழுத முடிந்தது.

பஸ்ஸுக்குள் ஜெயமலர் சொன்னாள், "தங்கத்துரை அண்ணையைக் காணேல்லை."

"எங்கையாவது மரத்தோட கதைச்சுக்கொண்டு நிப்பார்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மரம் பாவம். ஓடவும் ஏலாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, "அண்ணை தியாகுவின்ர காரில போட்டார். எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனவர்," என்றேன். ஜெயமலர், "அப்ப சரி," என்று மப்ளரை இழுத்து மூடிக்கொண்டாள். பஸ் புறப்பட்டது.

தியாகு மார்க்கம் நகரில் இருக்கிறான், கணினி வேலை. அவன் இரண்டு மணிக்கே போய்விட்டான். "கெளம்பறோம்க்கா, பாப்பாவுக்குக் காது வலிக்குது," என்று என்னிடம்தான் சொன்னான். பின் இருக்கையில் இரண்டு குழந்தை இருக்கைகளும் நடுவே அவன் மாமியாரும். இன்னொருவர் ஏற இடமில்லை. நான் கைகாட்டி அனுப்பினேன்.

திங்கள் மதியம் நீ அழைத்தாய். அப்பா தொலைபேசியை எடுக்கவில்லை, வீட்டிலும் இல்லை என்றாய். நான் பதறவில்லை. பதறினால் நீ இன்னும் பயந்திருப்பாய். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். சபையில் காட்ட வேண்டும் அல்லவா. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டு, "இது அப்பாண்ட ரைட்டிங் இல்லையே அன்ரி," என்றாய்.

"ஆராவது அவருக்காகப் போட்டிருப்பினம் பிள்ளை. எங்கட ஆக்கள் அப்பிடித்தானே," என்றேன்.

தியாகு தன்னுடன் வரவில்லை என்று சொன்னதும், அப்படியென்றால் நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேன், வேறு யாருடைய காரிலோ வந்திருப்பார் என்றேன். பதினொரு கார்க்காரரின் பெயர்களையும் பொலிசுக்கு ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன். செவ்வாய் முழுக்க அவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். டோர்செட் பார்க்கில் அவருடைய மாடிப்படிகளிலும் பின்னாலுள்ள பள்ளத்தாக்கிலும் ஆஸ்பத்திரிகளிலும் தேடினார்கள். வடக்கே ஒருவரும் போகவில்லை. அவர் அங்கிருந்து வெளியே வந்துவிட்டார் என்று எழுத்தில் இருந்தது.

செவ்வாய் மாலை சபையில் எட்டாவது தடவையாகப் பேசினேன். முழுக் குளிர்காலத்திலும் ஒரு தேடுதல் அழைப்புக்கூட இல்லை என்றேன். புத்தகத்தைக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஆதரவாக ஐந்து, எதிராக இரண்டு என்று வென்றோம். ஷரோன் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

புதன் காலை, பனியில் சறுக்கி வந்த ஒருவர் அவரைக் கண்டார். வாசலிலிருந்து நானூறு மீற்றர். வலது கணுக்கால் உடைந்திருந்தது. அந்தக் காட்டுக்குள் தொலைபேசிக்கு அலை கிடைக்காது. திங்கள் விடியும்வரை உயிர் இருந்திருக்கலாம் என்று வைத்தியர் உனக்குச் சொன்னார். எனக்கு நீ சொன்னாய்.

இனி விசில். விசில்களை வாங்கியது நான். செம்மஞ்சள் நிறம், ஆளுக்கு ஒன்று. மூன்று தடவை ஊதினால் உதவி தேவை என்று அர்த்தம். எல்லோருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

பெட்டியடியில் நான் நின்றபோது பஸ்கள் கதவை மூடிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றன. அன்று காற்று இருக்கவில்லை. காற்று என்று உனக்குச் சொன்னது பொய். அந்தக் காட்டின் மௌனத்தைப்போல ஒன்றை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அதில் ஒரு கிளையிலிருந்து பனி விழுந்தாலும் எனக்குக் கேட்கும். மூன்று தடவை கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று. நான் பேனையை ஊதுவதை நிறுத்திக் கேட்டேன். பிறகு மறுபடி ஊதினேன்.

ஏன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கவில்லை என்று நீ கேட்கலாம். நடந்து வரக்கூடியவர் விசில் ஊதமாட்டார். நடக்க முடியாதவரைத் தூக்க ஆள் வேண்டும். ஆளைக் கூப்பிட்டால் அது ஓர் அழைப்பு. அழைப்பு வந்தால் படலை பூட்டப்படும். இவ்வளவையும் அந்தப் பேனை சூடாகும் நேரத்துக்குள் யோசித்தேன். அறுபது பேர், இனி வரப்போகும் ஆயிரக்கணக்கானவர்கள், அவர்களையும் யோசித்தேன். உன் அப்பாவையும் யோசித்தேன். அவர் இருந்திருந்தால் படலை திறந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்.

எழுதி முடித்தபோது மூன்றாம் முறையும் கேட்டது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெட்டியை மூடிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

அவர் வெளியே வந்து, எதையோ மறந்து திரும்பவும் தனியே உள்ளே போயிருக்க வேண்டும் என்று அறிக்கையில் முடித்தார்கள். படலை இப்போது குளிர்காலம் முழுக்கத் திறந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் முந்நூறு பேருக்கு மேல் வருகிறார்கள். ஷரோன் அடுத்த தேர்தலிலும் வென்றாள். தியாகுவையும் அவன் மனைவி அனுபமாவையும் குழுவில் சிலர் ஒருமாதிரிப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்கள் வீட்டை விற்றுக் கல்கரிக்குப் போய்விட்டார்கள். ஜெயமலர் இப்போது பஸ்ஸில் ஒவ்வொரு தலையாக எண்ணுகிறாள், இரண்டு தடவை. நான் இன்னும் செயலாளர்தான். வாசலில் உன் அப்பாவின் பெயரில் ஒரு பலகை இருக்கிறது, ஆங்கிலத்திலும் தமிழிலும். திறந்த அன்று நீ வந்து, உனக்கு வாசிக்கத் தெரியாத தமிழ் வரியைத் தொட்டு, "இதில என்ன எழுதியிருக்கு அன்ரி?" என்றாய். நான் வாசித்துக் காட்டினேன்.

இந்தக் கடிதத்தையும் ஒருநாள் உன் கையில் தருவேன். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பாய். நானே வாசித்துக் காட்டுவேன்.