வடிவு சொன்ன மாட்டேன்

எனக்குச் சின்னப் பிள்ளைகள் என்றால் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. இல்லாவிட்டால் ஒடுகத்தூரை விட்டு இந்த மலைக்கு வந்திருப்பேனா? பால்வாடி ஒரே அறை. அது நிறையப் பிள்ளைகள். பார்த்துக்கொள்ள நான், சமைக்க மங்கம்மாள்.

வடிவுக்கு மூன்று வயதுகூட முடியவில்லை. சாப்பிடச் சொன்னால் மாட்டேன், உட்காரச் சொன்னால் மாட்டேன், படுக்கச் சொன்னால் "மாட்டேன் போ." கையைப் பிடித்தால் கடிப்பாள். அவள் தட்டைக் கவிழ்த்தால் பக்கத்துப் பிள்ளைகளும் கவிழ்க்கும். ஒருநாள் அவளைத் துரத்திக்கொண்டு நான் வெளியே ஓடிய நேரத்தில், இன்னொரு குழந்தை அடுப்பில் கையை வைத்துவிட்டது. மேற்பார்வைக்கு வந்த அம்மாளிடம் அழாத குறையாகச் சொன்னேன். "பொறுமையா பாத்துக்கங்க ரஞ்சிதம்" என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

எனக்குப் புரியாமல் இல்லை. அவள் தாய் செல்லம்மாவுக்கு அடுத்த குழந்தை பிறந்திருந்தது. இவளுக்கு மடியும் போயிற்று, பாலும் போயிற்று. விடிந்ததும் என்னிடம் விட்டுவிட்டு செல்லம்மா புளி உலுக்கப் போய்விடுவாள். அந்தப் பிள்ளைக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான். புரிந்து என்ன செய்ய? எனக்கு இருப்பது இரண்டு கை.

வலிப்பில் செத்துப்போன என் தம்பியின் மாத்திரைகள் பெட்டியில் கிடந்தன. கொஞ்சம் கிள்ளி வெல்லத்தில் வைத்துக் கொடுத்தேன். அதற்கு மட்டும் அவள் மாட்டேன் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் அறையே அமைதியாக இருந்தது. மறுநாளும் கொடுத்தேன். போகப்போக அளவு கூடிற்று. உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நடந்தால் தள்ளாடினாள். பேச்சும் குறைந்துவிட்டது.

"இன்னா டீச்சரம்மா மந்திரம் போட்டீங்க? வூட்டுலகூட சத்தமே காணோம். சாதுவா கீறா" என்று செல்லம்மா சிரித்தாள். பெற்றவளே சந்தோஷப்படும்போது நான் எப்படி நிறுத்துவது?

போன திங்கட்கிழமை வடிவு என் முகத்தை நன்றாகப் பார்த்து, பழையபடி "மாட்டேன்" என்றாள். வெல்லத்தைப் பெரிதாக உருட்டினேன்.

சாயங்காலம் மற்ற பிள்ளைகள் எழுந்து போயின. செல்லம்மா வந்து, "தூங்குது, எழுப்ப வாணாம்" என்று அவளைத் தோளில் போட்டுக்கொண்டாள். பிள்ளை உடம்பு அதற்கு முன்பே ஜில்லிட்டிருந்தது. எனக்குத் தெரியும்.

"பனியா கீது, போத்திக்கினு போ" என்று என் துண்டைக் கொடுத்தேன்.

நான்தான் கொடுத்தேன், ஐயா. மங்கம்மாளுக்கு எதுவும் தெரியாது. இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே வந்த ஒரு பிள்ளையையும் நான் கைநீட்டி அடித்ததில்லை.