மூணு மணிக்குள்ள இது கண்ணைத் திறக்கணும்

...செத்துப்போச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்கண்ணா. அதைச் சொல்ல எங்க வீட்டுலயே ஆள் இருக்கு. ராத்திரி படம் பாத்துட்டே தூங்கிட்டேன், சார்ஜ் சுத்தமா இறங்கிடுச்சு, அவ்வளவுதான். காலைல பட்டனை அமுக்குனா கல்லு மாதிரி கெடக்கு இந்த லேப்டாப். அதான் உங்க ரிப்பேர் கடைக்கே தூக்கிட்டு வந்துட்டேன்.

நீங்க பாட்டுக்கு மீட்டரை வச்சுப் பாருங்க. நான் பேசுனா உங்களுக்குத் தொந்தரவு இல்லையே? ...இல்லைன்னே வச்சுக்கறேன்.

எங்கப்பா என்ன பண்ணார் தெரியுமா? வெயில்ல வச்சார். டார்ச் லைட் பேட்டரியைக் காயவச்சா இன்னும் ரெண்டு நாள் எரியும்ல, அந்த விஞ்ஞானம். மொட்டைமாடில கொடிக்குக் கீழ லேப்டாப்பு, மேல அவரோட பனியன் சொட்டுது. கேட்டா, 'பன்னெண்டாவதோட நின்னவ நீ, எனக்குச் சொல்லித் தராத'ங்கறார். அவர் எத்தனாவதுன்னு நான் கேக்கல. மரியாதை.

அம்மா வந்து, டிவி ரிமோட்டைத் தட்டுவாங்கல்ல, அதே மாதிரி லேப்டாப் முதுகுல ரெண்டு தட்டு. எங்கண்ணன் எந்திரிக்கவே இல்ல. போர்வைக்குள்ளேருந்தே 'மதர்போர்டு போயிருக்கும்'னான். மூஞ்சியைக்கூடப் பாக்காம நோயைச் சொல்ற டாக்டர்.

சிரிக்காதீங்கண்ணா. மூணு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. இதுல மூஞ்சி காட்டித்தான் பேசணும், போன்ல ஆகாதுன்னுட்டாங்க. வெளியூர் ஓட்டல்ல, ரூம் கேட்டு வர்ற போனை எடுத்துப் பேசற வேலை. தங்கறதுக்கு எடமும் தர்றாங்க. இது போச்சுன்னா திங்கக்கிழமைலேருந்து சித்தப்பாவோட செருப்புக்கடை. வீட்டுல எல்லாரும் பேசி முடிச்சாச்சு, எங்கிட்டதான் இன்னும் கேக்கல. வர்றவங்க காலைப் புடிச்சு நான் செருப்பை மாட்டணும், சித்தப்பா கல்லாவுல சாஞ்சுகிட்டு 'சிரிச்சுகிட்டே மாட்டு'ம்பார்.

என்ன, மீட்டரை எடுத்து வைக்கறீங்க? ...உள்ள ஒண்ணும் கெடலையா. சார்ஜரும் நல்லாருக்கா. அப்புறம் என்னதான் கேடு? ...ஆமா, காலைல போன் பண்ணப்பவே சொன்னீங்க. அடியோட இறங்கிடுச்சுன்னா உடனே வராது, அரை மணி நேரம் சார்ஜ்ல போட்டு வைன்னு. வச்சேன்ணா. சத்தியமா வச்சேன்.

...எப்படின்னா? அஞ்சு நிமிஷம் போட்டேன், புடுங்கிட்டு அமுக்கிப் பாத்தேன். வரல. திரும்ப அஞ்சு நிமிஷம், திரும்பப் புடுங்குனேன், அமுக்குனேன். இப்படி ஆறு தடவை. ஆறஞ்சு முப்பது. கணக்கு சரிதானே?

ஏண்ணா அப்படிப் பாக்கறீங்க... ஓ. ஏறுன கொஞ்சநஞ்சத்தையும் அமுக்கி அமுக்கி நானேதான் காலி பண்ணேனா. அதைக் காலைலயே விளக்கமா சொல்லியிருக்கலாமில்ல? ...சொன்னீங்களா. நான் நடுவுல பூந்து பேசிட்டேனா. இருக்கும். பேசற ஆள்தான்.

சரி, மாட்டுங்க. ...மாட்டியாச்சா? ஒரே ஒரு தடவை அமு... ஸ்க்ரூ டிரைவரால ஏண்ணா தட்டறீங்க, சும்மாதான் கையை வச்சேன்.

கடையை நான் பாத்துக்கணுமா? எங்க கெளம்பறீங்க? சாப்பிடவா, ரெண்டு இருபதுக்கா? எனக்கென்னவோ என் பேச்சுக்குப் பயந்து போற மாதிரி தெரியுது. ...'ஆமா'வா. நல்லாருங்கண்ணா.

...போயே போயிட்டாரு.

ரெண்டு கையையும் தொடைக்கடியில வச்சுக்க வேண்டியதுதான். ...ஓரத்துல துளியூண்டு ஆரஞ்சு விளக்கு எரியுதே. காலைல இதை நான் பாக்கவே இல்ல. எங்க பாத்தேன், பட்டனைத்தானே பாத்துட்டிருந்தேன். இப்ப அமுக்குனா வந்துடும். வந்துடுமா? வரலன்னா செருப்புக்கடை. ...வேணாம். இருக்கட்டும்.

...யாருங்க? வாங்க. கடைக்காரர் சாப்பிடப் போயிருக்கார். என்ன, போன் ஆன் ஆகலையா? சார்ஜ் இறங்கிப் போச்சா? அந்த பிளக்குல போட்டுட்டு உக்காருங்க, அரை மணி நேரம் ஆகும். ...அவசரம்னா? அவசரம் இல்லாதவங்க யாரு இங்க. அதுக்குள்ள ஏங்க அமுக்கறீங்க? கையை எடுங்க. நடுவுல அமுக்குனா ஏறுனதெல்லாம் போயிடும், கொஞ்சமாவது பொறுமை வேணாமா? ...நான் கடையில வேலை செய்யல. செஞ்சாலும் இதைத்தான் சொல்லுவேன்.

மணி என்ன ஆச்சு? ரெண்டு அம்பத்திரண்டா? அப்ப அரை மணி நேரம் முழுசா ஆயிடுச்சு. இருங்க. ...வயரைப் புடுங்கப் போறதில்ல. அப்படியே... அமுக்கறேன்.

...

வந்துடுச்சுங்க. வெளிச்சம் வருது பாருங்க.

கொஞ்ச நேரம் பேசாம இருக்கீங்களா? எனக்கு இன்டர்வியூ இருக்கு.