எழுப்பப்படாத காமன்

1978ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு இருபது. மழை இல்லை, நமுனுகுல மலையிலிருந்து பனி மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

நம் நண்பர் புஹாரியின் மச்சான் அலவி, தேயிலைக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில் தனியே வந்துகொண்டிருந்தார். கக்கத்தில் ஓர் ஏட்டுக்கட்டு. ஒரு பல்கலைக்கழக நூலகம், தன் அரிய சேகரிப்புக்காகப் பதுளைக் கடைவீதியில் மாடியறை எடுத்து, தோட்டங்களின் பழம்பொருள்களைத் திரட்டிய காலம் அது. அலவி அங்கே உதவியாளர். அன்று கிடைத்தது பெரும் புதையல்... கடல் தாண்டி வந்த முதல் தலைமுறை சுமந்து வந்த காமன் கூத்துப் பாடல்கள், பனையோலையில்.

கொடுத்தவர் கூத்து வாத்தியாரின் மகன் சிவஞானம். பட்டணத்தில் வளர்ந்தவர், தகப்பனிடம் கேட்கவுமில்லை.

"நேத்து ராத்திரி காமனை எரிச்சாச்சுங்க. இனி அடுத்த மாசிக்குத்தான் ஏடு வேணும். கொண்டு போங்க."

பாதி வழியில் கருகல் நாற்றம். எரிந்த வைக்கோல்... அதனுள் அரிதாரத்தின் எண்ணெய் வாடை. பின்னால் ஒரு சலங்கை. ஜல்... ஜல்... அலவி நின்றார். அது இன்னும் ஓரடி வைத்துவிட்டு நின்றது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி பஸ்ஸில் பதுளைக்கு வந்தார். ஏட்டில் நூலக முத்திரையைக் குத்தி, இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். முத்திரை விழுந்த பொருள் வெளியேற வேண்டுமானால் பிரிவுத் தலைவர் ஸரூக் ஒப்பமிட வேண்டும். அலுமாரியின் மறுசாவியும் அவரிடமே.

மறுநாள் காலை பெரியாயி என்ற பெண் மாடியேறி வந்தாள். காமன் வேடம் கட்டிய வீரய்யாவின் மனைவி.

"ஏட்ட குடுங்கய்யா. காமனை எரிச்சப்ப விழுந்த எம் மனுசன் இன்னும் எந்திரிக்கல."

"டொக்டருக்குக் காட்டினீங்களா?"

"காட்டினோம். மூச்சு இருக்காம், அவ்வளவுதானாம். எரிச்ச காமனை மூணாம் நாளு பாடி எழுப்பணுங்க. பாட்டு வாத்தியாரு வாயில இருக்கு. ஆனா ஏட்ட தலமாட்டுல வைக்காம எழுப்ப முடியாது. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள..."

"முத்திரை குத்தின சாமான். பெரியவர் ஒப்பம் இல்லாமத் தர ஏலாதும்மா."

"முத்திரையோடயே குடுங்க. காமன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

அலவி ஏட்டை எடுக்கும் எண்ணத்தோடு சாவியைக் கையில் எடுத்தார். மறுபடி மேசையில் வைத்தார். விதியை மீறிப் பழகாதவர். ஸரூக்கோ மொனராகலை போயிருந்தார். பெரியாயி கீழே இறங்கி வாசல் வாங்கில் உட்கார்ந்தாள். கட்டடத்துக்கு அந்த ஒரு வாசல்தான்.

நண்பகலில் அலுமாரிக்குள்... ஜல். சற்றுப் பொறுத்து மறுபடி... ஜல். கதவிடுக்கிலிருந்து சாம்பல் மெல்லியதாக உதிர்ந்து தரையில் விழுந்தது. அலவி நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஸரூக் வந்தபோது வெயில் மலையுச்சியில் மட்டும் இருந்தது. அலவி சொன்னதை முழுக்கக் கேட்டார், விதிகளைப் புரட்டினார், தேத்தண்ணி குடித்தார், ஏட்டைத் திருப்பித் தரலாமா, இரவலாகத் தரலாமா என்று யோசித்தார். திருப்பித் தருவதென்று முடிவாகி, அதைக் கடிதமாகத் தட்டச்சில் அடித்து, ஒப்பமிட அவர் பேனாவை எடுத்தபோது வெளியே இருட்டிவிட்டது. மை உலர்ந்திருந்தது. அலவி பின்னறைக்குப் போய் மைக்குப்பியைக் கொண்டுவந்து வைத்தார். விளக்கேற்ற மறுபடி உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது அலுமாரி திறந்து கிடந்தது. ஸரூக் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

"கொடுத்தாச்சு, அலவி."

"யாருக்கு?"

"அந்தப் பொம்பளட புருஷனுக்குத்தான். இப்பதான் மேல வந்தார். ஒப்பம் வச்ச கடிதத்தையும் ஏட்டையும் கையிலேயே கொடுத்திட்டன். மனுசன் முகத்துச் சாயம்கூடக் கழுவல்ல."

அலவி படிகளில் ஓடி இறங்கினார். பெரியாயி வாசலை அடைத்தாற்போல் அதே வாங்கில் இருந்தாள். அவர் மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டு, படிகளை அண்ணாந்து பார்த்தாள்.

"எழும்பி வந்த காமன் பொண்டாட்டி கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவாருன்னு பாடுவாங்க..." என்றாள். "நான் இங்கதானேங்க இருந்தேன். யாரையும் பாக்கலையே..."