சார்ஜரோடு பார்த்த வேகம்

ஒரு சின்னக் கதை சொல்கிறேன், கேளுங்கள்... பயப்படாதீர்கள், சாப்பாட்டு நேரத்தைத் தொடாது. நாளை முதல் கொள்முதல் குழுக்களில் உட்காரப் போகிறவர்கள் நீங்கள். உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வேன்?

மலைக் கிராமங்களுக்கு ஒரு மருத்துவ வேன் போகும். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கிற வேன். கருவியை லேப்டாப்பில் மாட்டினால் திரையில் குழந்தை தெரியும். அங்கே கரண்ட் கிடையாது; வேனிலும் சார்ஜ் போட வசதி இல்லை. பேட்டரி எத்தனை நேரமோ, அத்தனை நேரம்தான் முகாம். ஒரு முகாமுக்குப் பதினாறு பெண்கள் வருவார்கள்... மூன்று மணி நேரம் நடந்து வருகிறவர்களும் உண்டு.

நாற்பது வேனுக்கு லேப்டாப் வாங்க வேண்டும். ஐந்து பேர் கொண்ட குழு. மேஜைமேல் இரண்டு லேப்டாப். அதே அளவு திரை, அதே அளவு பேட்டரி, விலையும் கிட்டத்தட்ட அதே. உள்ளே இருக்கிற பிராசசர் மட்டும் வேறு. முதல் லேப்டாப் ஒரு ஸ்கேன் படத்தை முப்பத்தெட்டு நொடியில் தெளிவாக்கியது. இரண்டாவது, ஐம்பத்திரண்டு நொடி. குழுத் தலைவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

அப்போது கதவோரம் ஒரு குரல். சுகுணமணி. அந்த வேனில் போகிற ஒப்பந்த டெக்னீஷியன்.

"சார்... சார்ஜரைக் கழட்டிட்டுப் பாக்கலாமே?"

"எதுக்கும்மா?"

"மலையில சொருகறதுக்கு இடமே இல்ல சார்."

"சோதனை விதியில அப்படி எங்கயாவது எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. ஏன் தெரியுமா? முந்தைய வருடம் ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்கிய ஃபைலை எடுத்து, தேதியை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஆபீஸ் மேஜைக்கு எழுதிய விதி... மலை ஏறப் போகிறது!

குழுவில் ஒருவர் சிரித்தார். "கழட்டச் சொல்லுங்க சார், அந்தம்மா ஆசை தீரட்டும். இங்க பிரியாணி ஆறிட்டிருக்கு."

பிரியாணி யார் வாங்கிக் கொடுத்தது? முதல் லேப்டாப்பை விற்க வந்தவர்.

ஐந்து பேரும் பக்கத்து அறைக்குப் போனார்கள். சுகுணமணி போகவில்லை. இரண்டு சார்ஜரையும் கழற்றினாள். அதே வேலையை இரண்டிலும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம்.

கை கழுவிவிட்டு வந்தவர்களுக்கு வராந்தாவிலேயே கேட்டது... முதல் லேப்டாப்பின் விசிறி இரைகிற சத்தம். உள்ளே வந்து பார்த்தால், பேட்டரி முப்பத்து நாலு சதவீதம். இரண்டாவது? சத்தமே இல்லை. எழுபத்தொன்பது. அது மட்டுமா? சார்ஜர் போனதும் முதல் லேப்டாப்பின் வேகமும் போய்விட்டது. ஒரு படத்துக்கு அறுபத்தொரு நொடி. மெதுவானது என்று ஒதுக்கினார்களே, அதற்கு ஐம்பத்து நாலு.

சுகுணமணி தலைவர் பக்கம் திரும்பினாள்.

"சார், ஒரு ஆளுக்குக் கால் மணி நேரம் ஆகும். இந்த வேகமானதை வச்சு ஆறு பேரைப் பாக்கலாம். மிச்சம் பத்துப் பேர்கிட்ட நான் என்னன்னு சொல்லி அனுப்பறது?"

தலைவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு ஒப்பந்தம் எத்தனாவது வருஷம்மா?"

"அஞ்சாவது வருஷம் சார்."

"மார்ச்ல புதுப்பிக்கணும்... இல்ல?"

தலைவர் எழுந்தார். தரையில் விழுந்த காகிதத்தைக்கூட ஆள் கூப்பிட்டு எடுக்கச் சொல்கிற மனிதர்... குனிந்தார். மேஜைக்கு அடியில் கையை விட்டு, தானே சார்ஜரைச் சொருகினார்.

"இப்ப ஓட்டும்மா."

முப்பத்தெட்டு நொடி.

"எழுதிக்குங்க."

ஐந்து கையெழுத்து விழுந்தது.

முதல் முகாம். ஏழாவதாகப் படுத்தவள் சின்னபாப்பு. எட்டு மாதம். வயிற்றில் களிம்பு தடவியாயிற்று... திரை அணைந்தது. துடைத்துக்கொண்டு எழுந்து நடந்து போனாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்பது, வலி கண்டு டோலி கட்டித் தூக்கி வந்த பிறகுதான் தெரிந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதில் எங்கள் திறமை எதுவும் இல்லை.

ஆமாம்... எங்கள் என்றுதான் சொன்னேன். அந்தத் தலைவரைப் பதினோரு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் திட்டுவேன். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது, பொன்னாடை கிடைத்தது. சுகுணமணிக்கு மார்ச்சில் வேலை போனது. ஆனால் அந்தத் தாளில் அவர் கையெழுத்து மட்டுமா இருக்கிறது? நாலாவது என்னுடையது. அவர் குனிந்தபோது நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். "சார், சொருகாதீங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நொடி. எனக்கு அந்த இரண்டு நொடி வரவில்லை.

ஆகவே, நண்பர்களே... வேகத்தைக் கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. கேளுங்கள். அந்த வேகம் எங்கே ஓடப் போகிறது என்பதையும் கேளுங்கள். அந்த இடத்தில் எது இருக்காதோ, அதை உங்கள் மேஜையிலேயே பிடுங்கிவிட்டுப் பாருங்கள். அதைச் சொல்ல ஒருத்தி கதவோரம் நின்றால், உள்ளே கூப்பிட்டு நாற்காலி கொடுங்கள். உங்கள் தலைவர் மேஜைக்கு அடியில் குனிந்தால்... எழுந்து நில்லுங்கள்.

உட்கார்ந்தே இருந்தவன் சொல்கிறேன்.