விடியலைத் தள்ளி வைத்தவன்

“காபி நல்லாத்தான் இருக்குக்கா. சூடு கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்.”

“குடிச்சுட்டு எழுது.”

“எங்கேருந்து எழுதணும்?”

“எங்கேருந்து பொய் சொன்னியோ, அங்கேருந்து.”

அப்படிச் சொல்லிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டீர்கள், ஸ்ம்ருதி அக்கா. உள்ளறையில் உங்கள் அப்பா தூங்குகிறார். மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவிலும் அவர் மூச்சு எனக்குத் தனியாகக் கேட்கிறது. மூன்று வருடப் பழக்கம். நீங்கள் புனேயிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை வருகிறவர். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

போலீசுக்குப் போகும் காகிதம் என்கிறீர்கள். அதனால் முறையாகவே எழுதுகிறேன். என் பெயர் ரஞ்சித், வயது இருபத்தேழு. எடமலைப்பட்டி புதூரில் அம்மாவோடு இருக்கிறேன். தென்னூரில் ஒரு டி.டி.பி. கடையில் தட்டச்சு வேலை. மற்ற நேரமெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பேன். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, பனியில் புதைந்த ஏதோ ஓர் ஊரில் இருந்துவிட்டு, சத்திரம் பேருந்து நிலையத்தில் வெயிலுக்குள் இறங்குகிறவன் நான். யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை.

யதிராஜன் சார் கையெழுத்துப் பிரதியோடு எங்கள் கடைக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர், நெற்றியில் திருமண், கையில் முந்நூறு பக்கம். பக்தி நூலாக இருக்கும் என்று நினைத்துத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். முதல் பக்கத்திலேயே ஒருவன் ஒரு சூரியனை அணைத்தான்.

நீங்கள் அந்தக் கதைகளைப் படித்ததில்லை என்று சார் சொல்லியிருக்கிறார். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்மீன்களுக்கு நடுவே ஒரு பேரரசு. அதை அழிக்க, தலைமுறைக்கு ஒருவனாக இருட்கோ என்றொருவன் வருவான். சூரியனை அணைக்கும் முன் அவன் தன் முன்னோர் எல்லோருடைய பெயரையும் வரிசையாகச் சொல்லி வணங்க வேண்டும். பதினேழாமவன் பதினாறாமவனை, பிறகு பதினைந்தாமவனை, இப்படியே பின்னோக்கிப் போய் இரண்டாமவன் வரைக்கும். முதலாமவனின் பெயர் யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் ஒரு மூச்சு நேரம் மௌனமாக நிற்பான். பிறகுதான் அணைப்பான்.

“எங்காத்துல பாசுரம் சேவிக்கறதுக்கு முன்னாடி ஆசார்யாளை வணங்கித் தனியன் சொல்லுவோம்டா. நல்லவாளுக்கு மட்டும்தான் பரம்பரை இருக்கணுமா என்ன? ராட்சசனுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?” என்று சார் சிரிப்பார். உங்கள் அம்மா ரங்கம்மா மாமி அப்போது இருந்தார். “பெருமாளை சேவிச்சுட்டு வந்து ராட்சசனுக்குத் தனியன் எழுதற ஒரே பிராமணன் இவர்தான்” என்று எனக்குக் காபி கொடுப்பார். நல்ல சூடாக இருக்கும்.

பதினோரு புத்தகங்கள். பதினொன்றிலும் அந்த ஒரு மூச்சு மௌனம் வந்தது. யார் அந்த முதலாமவன்? சொந்த வாழ்க்கையில் எதற்காகவும் நான் இப்படிக் காத்திருந்ததில்லை. அப்பா வீட்டை விட்டுப் போனபோது திரும்பி வருவாரா என்றுகூட இவ்வளவு யோசிக்கவில்லை. பன்னிரண்டாவது புத்தகத்தில் சொல்கிறேன் என்றார் சார்.

சர்க்கரை நோயில் அவருடைய இடது கண் முன்பே போயிருந்தது. மாமி காலமான பிறகு வலது கண்ணும் மங்கியது. அவர் சொல்ல நான் எழுதத் தொடங்கினேன். கடை முடிந்ததும் சாயங்காலம் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வருவேன். அவருடைய செல்போன், கடிதங்கள், மருந்துச் சீட்டு எல்லாம் நான்தான் வாசித்துச் சொன்னேன். சம்பளம் தருவதாகச் சொன்னார், நான் வாங்கவில்லை. இதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சென்ற தை மாதம் வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, பார்வை முழுவதுமாக மறைந்தது. இங்கே பார்த்த டாக்டர் படங்கள் எடுத்துச் சென்னையில் ஒரு பெரிய டாக்டருக்கு அனுப்பினார். பத்து நாளில் சாரின் செல்போனுக்குப் பதில் வந்தது. நீங்கள் முந்தாநாள் படித்தது அதைத்தான். ரத்தத்தை அகற்றிவிடலாம், விழித்திரை இன்னும் பிடிப்போடு இருக்கிறது, ஆறு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் புத்தகம் படிக்கும் அளவுக்குப் பார்வை திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு, தாமதித்தால் விழித்திரை கழன்றுவிடும், பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

அதை அன்றைக்கே வாசித்துக் காட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள் சார் பேசினார்.

“கண்ணு மட்டும் திரும்பி வரட்டும், ரஞ்சித். இந்த ராட்சசக் கூட்டத்தையெல்லாம் மூட்டை கட்டிடறேன். விடிகாலையில நடை திறக்கறச்சே விஸ்வரூப சேவைக்குப் போயிடுவேன். பகல்ல நீ கொண்டு வர்ற புஸ்தகத்தையெல்லாம் நானே படிப்பேன். போறும், எழுதினது.”

“பன்னெண்டாவது புத்தகம் சார்?”

“அட போடா. யார் அழறா அதுக்கு?”

நான் செல்போனைப் பையில் வைத்தேன். “சென்னையிலேருந்து ஏதாவது வந்துதா?” என்று கேட்டார். “இன்னும் இல்ல சார்” என்றேன். நீங்கள் கேட்ட இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆறு வாரம் இருந்தது, அக்கா. மிச்சமிருந்தவை ஒன்பது அத்தியாயங்கள். வாரத்துக்கு இரண்டு என்று வைத்தால் ஐந்தாவது வாரத்தில் முடிந்துவிடும். அப்புறம் சென்னைக்கு ரயிலில் நானே கூட்டிப்போவதாக இருந்தேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பார்வை இல்லாதவர் வேகமாகச் சொல்வார் என்று நினைத்தது என் தவறு. பல நாள் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, “வெளியில வெளிச்சம் இருக்கா?” என்று கேட்பார். “இருக்கு சார்” என்பேன். அதில் நான் பொய் சொன்னதில்லை.

ஆறாவது வாரம் முடிந்தபோது நான்கு அத்தியாயங்கள் மிச்சம். இனிமேல் உண்மையைச் சொல்லி அவரைக் கஷ்டப்படுத்துவதில் அர்த்தமில்லை. பதில் வந்துவிட்டது, ஆபரேஷனால் பலன் இல்லையாம், சொட்டு மருந்து மட்டும் போதுமாம் என்று வாசித்தேன். “டாக்டர் பாவம், இதை எழுதறதுக்கு எவ்வளவு சங்கடப்பட்டிருப்பார்” என்றார். இங்கிருந்த டாக்டர் போன் செய்து கேட்டபோது, சென்னைக்கே போய்விட்டோம் என்றேன். நீங்கள் ரிப்போர்ட் கேட்டீர்கள். டாக்டர் கடிதத்தைப் போலவே ஒன்று தட்டச்சு செய்து அனுப்பினேன். ஓர் எழுத்துப் பிழைகூட இருந்திருக்காது. கண் உலராமல் இருக்கப் போடும் சாதாரண மருந்தை வாங்கி, அரை நாள் லீவு போட்டுக்கூட வந்து, வேளை தவறாமல் விட்டேன். “உன் கை ஜில்லுனு இருக்குடா” என்பார்.

ஆனி மாதத்தில் கடைசி அத்தியாயம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். ஜன்னலுக்கு வெளியே யாரோ பூ விற்றுக்கொண்டு போனார்கள். சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நிறுத்தாமல் சொன்னார்.

முதல் உலகத்தில் யாருக்கும் பார்வை இல்லை. ஒருவனுக்கு மட்டும் உண்டு. சூரியன் வந்ததும் அவன் சங்கு ஊத வேண்டும். அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் எழுவார்கள், விதைப்பார்கள், வழி நடப்பார்கள். விடியும் வரைக்கும் ஒரு கிழவன் பாடிக்கொண்டிருப்பான். ஒரு நாள் பாட்டு முடிவதற்குள் விடிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு ஊதலாம் என்று இருந்தான். பாட்டு நீண்டது. மறுநாளும் அப்படியே. அவனுக்குப் படை இல்லை, பகை இல்லை, காயம் இல்லை. பயிர் அழுகியது, குழந்தைகள் படுத்த இடத்திலேயே கிடந்தன. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். முதல் இருள் அதுதான்.

“அவ்வளவுதானா சார்?” என்றேன்.

“அவ்வளவுதான். அவன் கெட்டவன்னு எனக்குத் தோணலை. யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பான். விடிஞ்சுதான்னு அவாளுக்கு எப்படித் தெரியும், கேக்கறதுக்கு?”

“பேர் என்ன போடட்டும்?”

என் பக்கம் முகத்தைத் திருப்பினார். “உனக்குத் தெரிஞ்ச பேரா ஏதாவது போட்டுக்கோ.”

சாருக்கு அன்று உடம்பு சரியில்லை என்று நினைத்தேன். ஏழு வருடம் காத்திருந்தது இதற்கா? ஒரு பாட்டு கேட்கும் ஆசையில் அவ்வளவு பெரிய இருட்டு பிறக்குமா? எந்த வாசகனும் நம்பமாட்டான். நான் அதை மாற்றினேன். அவனுக்குப் பத்தாயிரம் கப்பல்கள் கொடுத்தேன். பழிவாங்க ஒரு காரணம் கொடுத்தேன். ஆதிக்கருவன் என்று பெயர் வைத்தேன். சாருக்கு வாசித்துக் காட்டியபோது அவர் சொன்னபடியே வாசித்தேன். புத்தகத்தில் என்னுடையது போனது. நன்றாக வந்திருந்தது என்று இப்போதும் சொல்வேன்.

அங்கேதான் பிடிபட்டேன். முந்தாநாள் நீங்கள் வந்ததும், “ஸ்ம்ருதி, அந்தக் கடைசி அத்தியாயத்தை நீ ஒரு தடவை வாசிம்மா” என்று சார் கேட்டாராம். நீங்கள் கப்பல்களை வாசித்தீர்களாம். அவர் முடியும் வரைக்கும் கேட்டுவிட்டு, “இப்ப என் செல்போன்ல சென்னை டாக்டர் லெட்டர் இருக்கா பாரு” என்றாராம். அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நீங்கள் இன்று காலையில் என்னைக் கேட்டீர்கள். எனக்குத் தெரியாது, அக்கா. தெரிந்திருந்தால் என்னிடமே கேட்டிருப்பாரே. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

நேற்று டாக்டரிடம் காட்டியதில் விழித்திரை கழன்றுவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். வருத்தமாக இருக்கிறது. இதுவரை எழுதியதெல்லாம் உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் செய்தேன், தெரிந்தேதான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. இதில் என்ன இருக்கிறது என்று சார் தெரிந்துகொள்ள வேண்டும், அது நியாயம். ஆனால் அவரால் படிக்க முடியாது. நீங்கள் வெளியூரிலேயே படித்தவர், தமிழைத் தட்டுத் தடுமாறித்தான் வாசிக்கிறீர்கள். அவருக்கு அது பிடிக்காது, நடுவில் தூங்கிவிடுவார். என் குரல் அவருக்குப் பழகிவிட்டது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுந்துவிட்டார் போலிருக்கிறது, கட்டில் சத்தம் கேட்கிறது. அக்கா, இதை அவருக்கு நானே வாசித்துக் காட்டட்டுமா? ஒரு சொல்கூட மாற்றமாட்டேன்.