சாமி ஏன் பின்னால் போனார்

— சாமி முன்னால நடந்தா ஆமா, பின்னால நடந்தா இல்ல. தவழற குழந்தைக்குக்கூட இந்த ஊர்ல இது தெரியும், எனக்குப் பாடம் எடுக்காதீங்க. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. சாமி பல்லக்கோட முன் தண்டு உங்க தோள்ல இருந்துச்சா, இல்லையா?

— இருந்துச்சு.

— நான் சாமிக்கு நேரா நின்னு என்ன கேட்டேன்?

— "எங்கப்பா குடைஞ்ச கல்லறை எங்கம்மாவுக்கு உண்டா"ன்னு கேட்டே.

— சாமி என்ன பண்ணாரு?

— பின்னால போனாரு.

— அவரு போனாரா, நீங்க போனீங்களா?

— ஹுனேரோ! சாமி விஷயம். மெதுவாப் பேசு.

— மெதுவாப் பேசினா மட்டும்? அடுத்த வீட்டுல வெங்காயம் நறுக்கினா நம்ம வீட்டுல கண்ணு எரியற ஊரு இது. எல்லாருக்கும் கேட்டாச்சு. கல்லறை தங்களுதுன்னு வழக்காடற கெனிமின் பொண்டாட்டி இந்நேரம் வாத்து வறுக்க ஆரம்பிச்சிருப்பா. ஜெயிச்சுட்டாங்கல்ல.

— அக்கா, இருக்கியா? மச்சான் வந்துட்டாரா?

— வாடா ராமோசே, நீயும் வா. பின் தண்டு தூக்கின மகாராசன் நீதானே. உன்னையும்தான் கேக்கணும்.

— நான் ஒண்ணும் அறியேன்க்கா. நியாயமாப் பேசணும். பின் தண்டுல நிக்கறவன் என்ன பண்ண முடியும்? எதிர்ல இருக்கறவன் முதுகுதான் தெரியும். திடீர்னு முன்னாடியிருந்து ஒரு தள்ளு. சாமி கனம் அப்படியே நெஞ்சு மேல வந்து ஏறுச்சு. நான் பின்னால போகலேன்னா கீழ விழுந்திருப்பேன்.

— முன்னாடியிருந்து தள்ளுச்சு. கேட்டீங்களா?

— கேட்டேன்.

— நல்லாக் கேட்டுக்கோங்க. உங்க மாப்ளதான் சொல்றான், நான் சொல்லல.

— அக்கா, நான் மச்சான் தள்ளினாருன்னு சொல்லலியே. சாமி தள்ளினாருன்னு சொன்னேன். ஊரே அப்படித்தான் சொல்லுது. பெரிய ராஜா அமென்ஹோதெப் செத்து சாமியாகி எத்தனை தலைமுறை ஆச்சு, நம்ம ஊரு வழக்கு அத்தனையும் அவருதான் தீக்கறாரு. கழுதை காணாமப் போனாலும் அவரு, கல்லறைச் சண்டைன்னாலும் அவரு. நியாயமாப் பேசணும்.

— நீ நியாயத்தைக் கொஞ்சம் மூட்டை கட்டி வை. வந்த விஷயத்தைச் சொல்லு.

— அது வந்து... கெனிமின் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினான்.

— என்னவாம்?

— நான் சொல்லலக்கா. அவன் சொன்னதுதான். "கல்லறை எங்க தாத்தா தோண்ட ஆரம்பிச்சது, ஏதோ போனாப் போகுதுன்னு உங்கப்பாவைப் படுக்க விட்டோம், இப்ப சாமியே சொல்லிட்டாரு, திருவிழா முடிஞ்சதும் பெரியவரை வெளிய எடுத்துட்டுப் போங்க"ன்னு.

— எங்கப்பாவை.

— ஆமாக்கா.

— செத்துப்போன மனுஷனைப் பெட்டியோட தூக்கி வெளிய வைக்கணுமா? வெயில்லயா? நரிக்கா?

— அக்கா, அழாத.

— நான் அழல. எனக்கு ஆத்திரம். அம்மா அங்க உடம்பு பாடம் பண்ற பந்தல்ல உப்புக்குள்ள கிடக்கா. இன்னும் கொஞ்ச நாள்ல துணி சுத்திக் குடுத்துருவாங்க. எங்க கொண்டுபோய் வைப்பேன்? அடுப்படியிலயா? அப்பா பக்கத்துலதான் போவேன்னு சாகற அன்னிக்குக்கூடச் சொன்னா. இப்ப அப்பாவுக்கே இடம் இல்ல.

— ஹுனேரோ, வேற இடம் பாக்கலாம். மலையடிவாரத்துல எங்க சித்தப்பா தோண்டி விட்டது ஒண்ணு இருக்கு. பாதிதான் ஆயிருக்கு, ஆனா...

— அதுல வௌவால் குடும்பம் நடத்துது. அதுகிட்ட யாரு பேசுவா, சாமியா?

— நான் தோண்டித் தரேன்.

— நீங்க! நீங்க தோண்டித் தருவீங்க! ராஜா கல்லறைச் சுவர்ல வாழ்நாள் முழுக்க எழுதற கை இது. ராஜா பேரு, ராஜா அப்பா பேரு, ராஜா வளத்த நாய் பேருகூட எழுதியிருக்கு. எங்கப்பா சுவர்ல அவரு பேரை எழுதுங்கன்னு எத்தனை தடவை கேட்டேன்? பூச்சு காயட்டும். சிவப்பு மை வரட்டும். வெயில் இறங்கட்டும். ஒரு பேருங்க! சுவர்ல அந்த ஒரு பேரு இருந்திருந்தா கெனிமின் வாயைத் திறந்திருப்பானா? நான் எதுக்குச் சாமி முன்னாடி போய் நிக்கணும்?

— அது என் தப்புதான்.

— தப்புன்னு சொல்லிட்டாப் போதுமா? பேரு இல்லாத மனுஷனை எதைச் சொல்லிக் கூப்பிட்டு ரொட்டி படைக்கறது? "அந்த மூலையில படுத்திருக்கறவரே"ன்னா?

— அக்கா, நான் கிளம்பட்டுமா?

— எங்க?

— சும்மா, அப்படியே...

— கெனிமின் வீட்டுக்கு.

— இல்லக்கா. அதாவது, பல்லக்கு தூக்கினவங்க எல்லாரையும் கூப்பிட்டிருக்கான். பேரீச்சம்பழம் போட்ட பீராம். போகலேன்னா தப்பா நெனப்பாங்க.

— போ. நல்லாக் குடி. எங்கம்மாவுக்கும் சேத்துக் குடி. அவ உனக்கும் அம்மாதான், ஞாபகம் இருந்தா.

— இப்படிப் பேசினா எப்படிக்கா? நான் பின் தண்டுல நின்னேன். முன் தண்டுல நின்னிருந்தா...

— ராமோசே. வாயை மூடிட்டுப் போ.

— சரிக்கா. மச்சான், வரேன். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க.

— போயிட்டு வா மாப்ள. வாசல்ல படி உடைஞ்சிருக்கு, பாத்துப் போ.

— படிதான் இப்ப முக்கியம்.

— விழுந்துடப் போறான்னு சொன்னேன்.

— சரி. தம்பி போயிட்டான். இப்ப நம்ம ரெண்டு பேரும்தான். கெனிமின் என்ன குடுத்தான்?

— என்னது?

— எண்ணெய் ஜாடியா? செருப்பா? இல்ல, அந்தக் கழுதையா? ரொம்ப நாளா அந்தக் கழுதை மேல உங்களுக்கு ஒரு கண்ணு.

— உனக்கென்ன பைத்தியமா? விடியறதுக்கு முன்னாடி எழுந்து தலை மழிச்சு, உப்புத்தண்ணியில வாய் கொப்பளிச்சு, வெள்ளைத் துணி கட்டி, பட்டினியோட சாமியைத் தோள்ல ஏத்தறோம். அதுல போய் லஞ்சமா?

— நேத்து வரைக்கும் கல்லு கொத்தினவங்கதானே எல்லாரும். தலை மழிச்சா வேற ஆளா ஆயிருவீங்களா? மேஸ்திரி நிக்கறாரு, தச்சன் நிக்கறான், என் தம்பி நிக்கறான், நீங்க நிக்கறீங்க. எனக்கு எல்லாரோட காலும் தெரியும்.

— காலு நம்மளது. நடை சாமியோடது. சின்ன வயசுலேர்ந்து அதைத்தானே கேட்டு வளந்தோம்.

— அப்ப உங்களுக்கு எங்கம்மாவைப் புடிக்கல. அதுதான் விஷயம்.

— அது எங்கேருந்து வந்துச்சு?

— அவ உங்களைத் தூங்குமூஞ்சின்னு சொன்னா. கல்யாணத்தன்னிக்கே சொன்னா. எல்லார் முன்னாடியும் சொன்னா. அதை இத்தனை வருஷம் அடைகாத்து வச்சிருந்து, இன்னிக்குச் செத்த பொணத்துகிட்டப் பழி தீத்துட்டீங்க.

— ஹுனேரோ, போதும்.

— போதாது. எனக்குப் போதாது. நான் அங்க கை ரெண்டையும் தூக்கிட்டு நிக்கறேன். எதிர்ல என் புருஷன். அவரு முகத்தைப் பாத்துத்தான் கேட்டேன், சாமி முகத்தைக்கூடப் பாக்கல. நீங்க என்னைப் பாத்தீங்க. பாத்துட்டு, கண்ணை மூடிட்டீங்க. அப்புறம்தான் பல்லக்கு பின்னால போச்சு. நான் பாத்தேன்.

— பாத்தியா?

— பாத்தேன்.

— அப்ப ஏன் நான் வந்ததுலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கே?

— நீங்க வாயால சொல்லணும்னு. ஒரு பொய்யாவது சொல்லுங்களேன், நம்பித் தொலைக்கறேன். காலு இடறிடுச்சுன்னு சொல்லுங்க. இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னு சொல்லுங்க.

— இடறல.

— அப்புறம்?

— நான்தான் பின்னால வச்சேன்.

— நீங்களேவா?

— நானேதான்.

— ஏன்? அதைச் சொல்லுங்க முதல்ல. ஏன்?

— தடுக்கறாரான்னு பாக்க.

— யாரு?

— சாமி. ஞாயம் உங்க பக்கம். எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், அந்தக் கல்லறையை உங்கப்பா தோண்டறப்ப நானும் கூடக் கல்லு சுமந்தேன். அது சாமிக்குத் தெரியாதா? தெரியும்தானே. அதனால என்ன ஆனாலும் அவரு முன்னாலதான் நடப்பாருன்னு நெனச்சேன். நான் பின்னால ஒரு அடி வச்சா, அவரு விட மாட்டாரு. தண்டு என் தோளை முன்னால இழுக்கும். ஒரு தடவை அந்த இழுப்பைப் பாத்துட்டாப் போதும் எனக்கு. அதுக்காகத்தான் வச்சேன். கெனிமினுக்காக இல்ல. உங்கம்மா மேலயும் கோபம் இல்ல.

— இழுத்துச்சா?

— இல்ல. கூடவே வந்துட்டாரு. ஒரு சிணுங்கல்கூட இல்லாம வந்துட்டாரு. நான் நிப்பாரு, நிப்பாருன்னு இன்னொரு அடி வச்சேன். அதுக்கும் வந்தாரு. அதுக்குள்ள பின்னாடி உன் தம்பி "சாமி நகர்றாரு, சாமி நகர்றாரு"ன்னு கத்த ஆரம்பிச்சுட்டான். தண்டு தூக்கினவங்க எல்லாரும் பின்னாலயே ஓட ஆரம்பிச்சுட்டாங்க. நான் என்ன பண்ணுவேன்?

— சோதிச்சுப் பாக்க உங்களுக்கு எங்கம்மா வழக்குதான் கிடைச்சுதா? வருஷம் முழுக்க ஊர்ல கழுதை காணாமப் போகுதே, அதுல பாக்கக் கூடாதா?

— எனக்கு முன் தண்டு கிடைச்சதே இந்தத் திருவிழாவுலதான். இதுக்காகத்தான் மேஸ்திரிகிட்டக் கெஞ்சி வாங்கினேன். நம்ம புள்ள நக்தி போனதுலேர்ந்து இது ஒண்ணுதான் என் மண்டைக்குள்ள ஓடுது.

— நக்தியை இதுல இழுக்காதீங்க.

— இழுக்காம? அவனுக்கு ஜுரம் வந்தப்ப சாமி முன்னாடி நான்தானே தலை குனிஞ்சு நின்னேன், தண்டு யாரு தோள்லன்னுகூடப் பாக்கல. "என் புள்ள பிழைப்பானா"ன்னு கேட்டேன். சாமி முன்னால வந்தாரு ஹுனேரோ. சும்மா இல்ல, பாய்ஞ்சு வந்தாரு, பல்லக்கு முனை என் நெத்தியில இடிச்சுது. எனக்குச் சந்தோஷத்துல அழுகை வந்துச்சு. வீட்டுக்கு வந்து உன்கிட்டச் சொல்லிட்டுப் படுத்தேன். மறுநாள் பாட்டுப் பாடிக்கிட்டே மலை தாண்டி வேலைக்குப் போனேன். திரும்பி வந்தப்ப அவன் இல்ல. புள்ள சாகறப்ப நான் கூட இல்ல. ஏன் இல்ல? சாமி பிழைப்பான்னு சொன்னாரு, அதான் இல்ல.

— தெரியும்ங்க. விடுங்க.

— என்னால விட முடியல. சாமி பொய் சொல்ல மாட்டாரு. அப்ப அன்னிக்கு முன்னால வந்தது சாமி இல்லியோ, எவனோ ஒருத்தன் காலோன்னு ஒரு சந்தேகம். ராவும் பகலும் அரிச்சுது. இல்ல, இல்ல, சாமிதான்னு தெரிஞ்சுட்டா, அவருகிட்டயாவது சண்டை போடலாம். இன்னிக்குத் தெரிஞ்சு போச்சு. அங்க யாரும் இல்ல. மரமும் பொன்தகடும்தான். நாம நடந்தா நடக்கும், நின்னா நிக்கும். அன்னிக்கும் எவனோ பாவம் பாத்து முன்னால ஒரு அடி வச்சிருக்கான். அவன் மட்டும் யாருன்னு தெரிஞ்சா...

— என்ன பண்ணுவீங்க?

— தெரியல. அடிப்பேன். இல்ல, கட்டிப் புடிச்சு அழுவேன். தெரியல.

— ராமோசே.

— அவன் போயிட்டானே. ஏன் கூப்பிடறே?

— கூப்பிடல. அன்னிக்கு முன் தண்டுல நின்னது ராமோசே. நான்தான் அவன் கையைப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சினேன், "முன்னால ஒரு அடி வைடா, அந்த மனுஷன் தூங்கி எத்தனை நாளாச்சு"ன்னு.

— நீயா?

— ஆமா, நான்தான். ஊர்ல எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்லுவாளே, சாமியை யாரு நடத்தறாங்கன்னு. தண்டு சுமக்கற உங்களுக்கு மட்டும் இது தெரியாதுன்னு நான் எப்படிங்க கண்டேன்? தெரிஞ்சிருந்தா இன்னிக்குக் காலையில உங்க கையையும் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சியிருப்பேனே!