வேட்டி மாற்றிய நேரம்

தென்காசியிலிருந்து வடகரை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அக்காளும் தங்கச்சியும் இருந்தார்கள். சாரலுக்கு ஷட்டரை இறக்கிவிட்டிருந்ததால் பேச்சு தெளிவாகக் கேட்டது.

“ஆம்புலன்ஸ் வெரசாத்தான் வந்துட்டு. நாந்தான் வாசல்ல நிப்பாட்டி வச்சேன்.”

“எதுக்குக்கா?”

“உங்க அத்தான் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்ததுல தன்னையறியாம ஒண்ணுக்குப் போயி வேட்டியெல்லாம் நனைஞ்சுட்டு. தெருவே கூடி நிக்கு. அப்படியே தூக்கிட்டுப் போகச் சொல்ல மனசு வரல. ‘நேரமாகுதும்மா’ன்னு டிரைவர் கத்துதாரு. நான் பீரோவுல துவைச்ச வேட்டியைத் தேடுதேன்.”

தங்கச்சி மெதுவாகக் கேட்டாள்.

“கொஞ்சம் முந்தி கொண்டுவந்திருந்தா அத்தான் பொழைச்சிருப்பாருன்னு டாக்டர் சொன்னாராக்கா?”

“நான் கேக்கலட்டி. இன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு இறப்புச் சர்டிபிகேட் வாங்கப் போனப்பவும் அந்த டாக்டர் எதிர்ல வந்தாரு. நான் தூணுக்குப் பின்னால ஒதுங்கிட்டேன்.”